ததாமி ரயிலும் சில கைகளும்

2024 நவம்பர் 1, வெள்ளி: நிஷி கசாய், டோக்கியோ

வேலைக்காக ஜப்பானுக்கு வந்தபின் சேர்ந்திருக்கும் என் படங்களை மொத்தமாகப் புரட்டிப் பார்க்கும் எவருக்கும், இந்த நாட்டில் மனிதர்களே வசிப்பதில்லையோ என்ற ஐயம் எழும். பாலங்கள், கோயில் வாயில்கள், மழை நாளில் கடை வாசலில் செருகி வைத்த குடைகள், நள்ளிரவுத் தெருவில் ஒளிரும் பானம் விற்கும் இயந்திரங்கள் என எல்லாம் இருக்கின்றன. மனிதர் யாரேனும் இருந்தால் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். சென்னையில் இருந்தபோது மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவிலும் காசிமேட்டு மீன் ஏலத்திலும் முகம் முகமாக எடுத்துத் தள்ளியவன் நான். அங்கே கேமராவைக் கண்டதும், "அண்ணே, நம்மளையும் ஒண்ணு எடுங்க" என்று நண்பன் தோளில் கை போட்டு வந்து நிற்பவர்களைச் சமாளிப்பதே பெரும்பாடாக இருக்கும்.

இங்கே அது நடவாது. ஒப்புதலின்றித் தன் முகம் படமெடுக்கப்படாமல் இருக்கும் உரிமை ஒருவருக்கு உண்டென்பதை, காவல்துறை எடுத்த படம் தொடர்பான ஒரு வழக்கில் இந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1969-இலேயே ஏற்றுக்கொண்டது. தொலைக்காட்சியில் தெருக்காட்சி வந்தால் வழிப்போக்கர் முகங்களை மங்கலாக்கிவிடுகிறார்கள். இங்கு விற்கும் பெரும்பாலான கைபேசிகளில் படமெடுக்கும்போது எழும் ஒலியை அணைக்க வழி கிடையாது. போதாக்குறைக்கு இந்த ஆண்டு சுற்றுலாப் பயணிகளின் கேமராக்கள் மீது ஊர்களுக்கே சலிப்பு வந்துவிட்டது. கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். மே மாதத்தில் ஃபுஜி கவாகுச்சிகோ ஊராட்சி, ஒரு கடையின் கூரைக்கு மேல் மலை தெரியும் இடத்தை மறைத்து, இருபது மீட்டர் நீளத்துக்கு ஆளுயரத்தை விஞ்சிய கறுப்பு வலையைக் கட்டியது. ஆகஸ்டில் புயலுக்காக அவிழ்த்தபின் மறுபடி கட்டவில்லை. வலை கட்டியவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. சாலையின் குறுக்கே ஓடி, பக்கத்துப் பல் மருத்துவமனை வாசலில் குப்பை போட்டுப் படமெடுத்தவர்களை வேறு எப்படித்தான் நிறுத்துவது?

திங்கட்கிழமையும் விடுமுறையாக அமைந்துவிட்டதால், ஃபுகுஷிமா மாநிலத்தின் மேற்கே மலைகளுக்குள் இருக்கும் அய்சு பகுதிக்குக் கிளம்புகிறேன். ததாமி ரயில் பாதையை எடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நாளை கனமழை என்கிறது வானிலை அறிக்கை. கீழ்த்தளத்து மதுரைக்கார அக்கா, "மழையில போய் ரயிலை என்னத்த படம் எடுக்கப் போறே, இங்க ஓடுற ரயில் பத்தாதா?" என்று கேட்டுவிட்டு, ஒரு டப்பா நிறையப் புளியோதரையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

நவம்பர் 2, சனி: யுனோகாமி, ஓவுச்சி ஜுகு

அக்கா சொன்ன மழை சொன்னபடியே பெய்தது. அசகுசாவிலிருந்து வடக்கே போகும் விரைவு ரயில் நிக்கோ மலைகளுக்குள் நுழைந்ததும் சன்னல்கள் வெறும் சாம்பல் நிறமாயின. பிறகு ஒரு சிறிய ரயிலுக்கு மாறி யுனோகாமி ஒன்செனில் இறங்கினேன். அந்த நிலையத்துக்குக் கூரை வேய்ந்திருப்பது நாணலும் வைக்கோலும் போன்ற புல்லால். உள்ளே தரையில் ஒரு கணப்புக்குழி. அதில் விறகு எரிந்துகொண்டிருக்க, ஈரக் கோட்டுகளோடு பயணிகள் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். புகை கண்ணைக் கரித்தாலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெளியே வெந்நீர் ஊற்றுத் தண்ணீரில் கால் நனைக்க ஒரு தொட்டியும் உண்டு, காசு வாங்குவதில்லை.

அங்கிருந்து பேருந்தில் ஓவுச்சி ஜுகு. எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) அய்சுவையும் நிக்கோவையும் இணைத்த சாலையில் வழிப்போக்கர் தங்குவதற்காக அமைந்த ஊர் இது. தெருவின் இருமருங்கும் புற்கூரை வீடுகள் ஒரே வரிசையாக நிற்கின்றன. 1981-இல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. மின்கம்பிகள் தெருவில் கண்ணில் படுவதில்லை. புற்கூரை என்பதால் தீயென்றால் நடுங்குகிறார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் தேதியன்று ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் குழாய்களைத் திறந்து கூரைகளின் மேல் தண்ணீர் பீய்ச்சி ஒத்திகை பார்ப்பதுண்டு. நான் போன நாளில் வானமே அந்த வேலையைச் செய்தது.

தெருக்கோடியில் படியேறிப் போனால் மேட்டிலிருந்து முழுத் தெருவும் தெரியும். இந்த ஊரைப் பற்றிய அஞ்சலட்டைகள் எல்லாம் அந்த ஓரிடத்திலிருந்து எடுத்தவைதாம். அங்கே குடைகளுக்கு நடுவே வரிசையில் நின்று, என் முறை வந்தபோது நானும் அதே அஞ்சலட்டையை எடுத்தேன். படம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதில் என்னுடையது என்று சொல்ல ஒன்றுமில்லை.

மதிய உணவு, ஊர் பெயர் சொல்லி எல்லோரும் தேடிவரும் வெங்காயத்தாள் சொபா, அதாவது பக்வீட் மாவு நூடுல்ஸ். ஷினானோ மாகாணத்தின் தகாத்தோவை முன்பு ஆண்ட ஹோஷினா மசாயுகி 1643-இல் அய்சுவுக்குத் தலைவராக வந்ததிலிருந்து தகாத்தோ முறைச் சொபா இங்கே வேரூன்றியது என்பார்கள். குளிர்ந்த குழம்பில் சொபா, மேலே துருவிய முள்ளங்கி, அதன் குறுக்கே முழங்கை நீளத்தில் நுனி வளைந்த ஒரு வெங்காயத்தாள். அந்த வளைவில் நூடுல்ஸைக் கோத்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், இடையிடையே தாளையும் கடித்துக்கொள்ள வேண்டும். பரிமாறிய பெண் ஒரு முறை செய்து காட்டினார். அவர் கையில் எளிதாக இருந்தது என் கையில் வழுக்கியது. பச்சைத் தாளின் காரம் மூக்கு வரை ஏறியது. குச்சிகளும் தட்டின் ஓரத்தில் மறக்காமல் வைத்திருந்தார்கள். விலை 1,300 யென்னுக்குச் சற்று மேல்.

கடைச் சுவரில் கையால் எழுதிய ஒரு சீட்டு: உணவையும் வீட்டையும் தாராளமாகப் படமெடுக்கலாம், பணிபுரிவோரை எடுக்க வேண்டாம். படித்துவிட்டுக் கேமராவை மடியில் வைத்துக்கொண்டேன். அப்போது அடுத்த மேசையில் இருந்த வயதான தம்பதியர், தங்கள் கைபேசியை இரு கைகளாலும் என்னிடம் நீட்டி, ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று மிகுந்த தயக்கத்துடன் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் வெங்காயத்தாளை வாள்போல் உயர்த்திப் பிடித்தார், அம்மையார் அவரை முழங்கையால் இடித்துச் சிரித்தார். இந்த நாட்டில் நான் எடுத்த மிகச் சிறந்த முகப்படம் அதுவாகத்தான் இருக்கும், அது அவர்கள் கைபேசியோடு அவர்கள் ஊரான செண்டாய்க்குப் போய்விட்டது. என் கேமராவிலும் ஒன்று எடுக்கலாமா என்று கேட்க வாய் வரையில் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டேன்.

இரவு அய்சு வகமாட்சு நகரில். நீள்வார இறுதி என்பதால் சாதாரண விடுதி அறைக்கே 14,000 யென் கேட்டார்கள், கொடுத்தேன். சோற்றின் மேல் கோஸ் பரப்பி, வறுத்த பன்றி இறைச்சித் துண்டைக் கறுஞ்சாற்றில் தோய்த்து வைக்கும் சாஸ் கட்ஸுதோன் இந்நகரின் பெருமை. கிண்ணத்தின் மூடி மூடாத அளவுக்கு இறைச்சி. ஈரக் காலணிக்குள் செய்தித்தாளைத் திணித்துவிட்டுப் படுத்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு: மிஷிமா

மழை விட்டிருந்தது. ஆறு மணியை ஒட்டிப் புறப்படும் முதல் ரயிலில் ஏறியபோது, அந்த விடியலிலேயே சன்னலோர இருக்கைகள் எல்லாம் நிரம்பியிருந்தன.

அய்சு வகமாட்சுவிலிருந்து நீகாத்தா மாநிலத்தின் கோயிதே வரை 135.2 கிலோமீட்டர் நீளம் கொண்டது ததாமி பாதை. ஒற்றைத் தடம், மின்சாரம் கிடையாது, ஓரிரு பெட்டிகளே கொண்ட டீசல் வண்டிகள். 2011 ஜூலையில் பெய்த பெருமழையில் பெருக்கெடுத்த ததாமி ஆறு, பாலங்களையே அடித்துக்கொண்டு போனது. அய்சு கவாகுச்சிக்கும் ததாமிக்கும் இடையே 27.6 கிலோமீட்டர் பதினோரு ஆண்டுகள் ரயிலின்றிக் கிடந்து, 2022 அக்டோபர் முதல் தேதி மறுபடி திறந்தது. அந்தப் பகுதியில் தடத்தை மாநில அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே வழக்கமாக நாளொன்றுக்குப் போக மூன்று, வர மூன்று வண்டிகள்தாம். வருமானக் கணக்குப் பார்த்தால் மூடியிருக்க வேண்டிய தடம். இங்குள்ள சிற்றூர்கள் விடவில்லை, தைவானிலிருந்தெல்லாம் ஆட்கள் படமெடுக்க வருவது அவர்கள் வாதத்துக்கு வலுச் சேர்த்தது.

மிஷிமா ஊரின் நிலையமான அய்சு மியாஷிதாவில் இறங்கி, 252ஆம் எண் நெடுஞ்சாலையோரம் நடந்தேன். பையில் கட்டியிருந்த கரடி மணி அடிக்கு ஓர் ஒலி எழுப்பியது. இந்த மலைகளில் கரடிகள் உண்டு, இலையுதிர் காலத்தில் அவை ஊரை ஒட்டி வருகின்றன. வழியெங்கும் எச்சரிக்கைப் பலகைகள், ஒன்றில் மட்டும் கரடியின் படம் அளவுக்கு மீறி அன்பாக வரையப்பட்டிருந்தது. முதலாம் ததாமி ஆற்றுப் பாலத்தைப் பார்க்கும் மேடைகள், சாலையோர ஓய்விடத்துக்குப் பக்கத்தில் தொடங்கும் மலைப்படிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மேலே போனபோது நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள்.

ரயில் படமெடுப்பவர்களுக்கு ஜப்பானில் நல்ல பெயர் இல்லை. தண்டவாளத்துக்குள் இறங்குவது, குறுக்கே தெரியும் மரக்கிளையை வெட்டுவது, வழிமறிப்பவரைப் பார்த்துக் கத்துவது என்று செய்திகளில் அடிபடுபவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட கூட்டத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு, அந்த மேட்டில் நடந்தது வேறாக இருந்தது. முதலில் வந்தவர்கள் முன்வரிசையில் ட்ரைபாடை இடுப்பளவுக்குத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தார்கள், அடுத்தவர்கள் அவர்கள் தலைக்கு மேல், கடைசி வரிசை படிக்கட்டில். புதிதாக வரும் ஒவ்வொருவரும் "இங்கே நிற்கலாமா?" என்று இரு பக்கத்திலும் கேட்டுவிட்டே நின்றார்கள். எனக்கு முன்னால் இருந்த, சைதாமாவிலிருந்து வந்த பெரியவர், என் லென்ஸின் பார்வையில் தன் தொப்பி வருகிறதா என்று தாமே திரும்பிக் கேட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வழுக்கைத் தலையில் மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. போட்டுக்கொள்ளுங்கள் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

என்னிடம் இருப்பது நகானோவில் பழைய பொருளாக வாங்கிய நிக்கான் டி750. பெரியவர் அதைப் பார்த்து, தம் மகனிடமும் அதே கேமரா இருந்தது என்றார். பிறகு ஒரு பாடம் நடந்தது. பாலத்தை மட்டும் நெருக்கிப் பிடிக்க வேண்டாம், நீரில் விழும் வளைவு முழுவதும் உள்ளே வரட்டும் என்றார். ததாமி ஆறு நெடுகிலும் படிக்கட்டுபோல மின்சார அணைகள். அவை தேக்கி வைப்பதால்தான் இந்த இடத்தில் ஆறு ஓடாமல் நிற்கிறது, நிற்பதால்தான் பாலம் அதில் தலைகீழாகத் தெரிகிறது. அய்சு கவாகுச்சிக்கும் ததாமிக்கும் இடையே உள்ள தடமே தகோகுரா அணை கட்டச் சிமெண்டும் ஆட்களும் கொண்டுபோக 1950களில் போட்டதுதான் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. எல்லோரும் இயற்கை இயற்கை என்று உருகி எடுக்கும் அந்தக் கண்ணாடி நீர், பொறியாளர்கள் செய்து வைத்தது.

நேரம் நெருங்கியபோது பள்ளத்தாக்கில் மூடுபனி ஏறியது. முதலில் எதிர்க்கரை மறைந்தது, பிறகு பாலத்தின் ஒரு கால். தைவான் குழுவின் வழிகாட்டிப் பெண் கைகூப்பி மலையைப் பார்த்தார். தொலைவில் டீசல் எந்திரத்தின் உறுமல் கேட்டதும் பேச்சு அடங்கியது. வெள்ளையும் பச்சையுமாக இரண்டு பெட்டிகள் பனிக்குள்ளிருந்து வெளிவந்து, வளைவின் நடுவே வந்தபோது மட்டும் தெளிவாகத் தெரிந்து, மறுபடி பனிக்குள் போயின. எல்லாம் அரை நிமிடம் இருக்கும். எந்திரத் துப்பாக்கிபோல் நாற்பது ஷட்டர்கள். உடனே ஒருவர் விடாமல் சுற்றிலும் திரும்பி, அலுவலகம் முடிந்து போகிறவர்கள் ஒருவர் உழைப்புக்கு ஒருவர் நன்றியாகச் சொல்லும் அதே "ஒட்சுகாரேசாமா தெஷிதா"வைச் சொல்லித் தலைவணங்கினார்கள். பெரியவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு என் கேமராத் திரையைப் பார்த்தார். "நீர் இருக்கிறது, நல்லது" என்றார். இலைகள் இன்னும் பாதிதான் சிவந்திருக்கின்றன என்பதில் அவருக்கு வருத்தம்.

பிற்பகலில் மியாஷிதாவுக்குத் திரும்பி, ஊரின் கைவினைக் கூடத்துக்குப் போனேன். மலையில் கிடைக்கும் காட்டுத் திராட்சைக் கொடியின் பட்டை, மதாதாபி என்னும் கொடி, ஹிரோரோ என்னும் புல் ஆகிய மூன்றிலும் கூடை முடைவது மிஷிமாவில் பனிக்காலத் தொழில். வயலில் வேலை இல்லாத மாதங்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து முடைந்தது, 2003-இல் தேசிய மரபுக் கைவினையாக அறிவிக்கப்பட்டது. திராட்சைப் பட்டைப் பைகளின் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தேன். நல்ல லென்ஸ் ஒன்றே வாங்கிவிடலாம். மதாதாபியில் முடைந்த அரிசி களையும் கூடை நம் வீட்டு முறம் அளவில், தொட்டால் ஈர நாரின் குளிர்ச்சியோடு இருந்தது.

அங்கே ஓர் அம்மையார், எண்பதுக்கு மேல் வயதிருக்கும், ஹிரோரோ புல்லைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தார். படமெடுக்கலாமா என்று கேட்டேன். இந்த முறை சொல்லை விழுங்கவில்லை. அவர் முகத்துக்கு நேரே இரு கைகளையும் பெருக்கல் குறியாக வைத்துக் காட்டிச் சிரித்தார். பிறகு அதே கைகளைக் கீழே இறக்கி, "இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், இவை அழகு பார்ப்பதில்லை" என்றார்.

அரை மணி நேரத்துக்கு மேல் அந்தக் கைகளை எடுத்தேன். இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்து இடது கையில் பிடிக்கிறார், வலது உள்ளங்கையால் தொடையின்மேல் உருட்டும்போதே அவை முறுக்கேறுகின்றன. தாள் முடியப் போகும் இடத்தில் புதிய தாளைச் செருகுகிறார், எங்கே செருகினார் என்பது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியவில்லை. வலது கட்டைவிரல் நகம் நடுவே பிளந்து, பிளவு நெடுக நார்ச்சாயம் ஏறிப் பழுப்பாக இருந்தது. விரலிடுக்கில் தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து எடுத்த ஈரம். சன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுந்ததால் ஒவ்வொரு நரம்புக்கும் நிழல் கிடைத்தது. முகம் இல்லையே என்ற எண்ணம் எனக்கு அப்போது வரவேயில்லை. படங்களை அச்சிட்டு அனுப்புகிறேன் என்றதும், கூடத்தின் முகவரிக்கு அனுப்பினால் போதும் என்றார்.

தங்கியது ஒரு சிறிய வெந்நீர் ஊற்று விடுதியில், இரண்டு வேளை உணவோடு 12,000 யென். அறையைக் காட்டிய விடுதிக்கார அம்மா, மேசைமேல் இருந்த தடித்த ஒட்டுநாடாச் சுருளைக் காட்டி மன்னிப்புக் கேட்கும் குரலில் விளக்கினார். குளிர் தொடங்கும்போது பச்சைப் பூச்சிகளும் பழுப்புப் பூச்சிகளும் கதகதப்பைத் தேடி வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. நசுக்கினால் நாற்றம் அறையை விட்டுப் போகாது, ஆகவே நாடாவால் ஒட்டி எடுத்து மடித்துவிட வேண்டும். இரவுக்குள் சன்னல் திரையில் ஏழெட்டைப் பிடித்தேன். ஒன்று லென்ஸ் மூடிக்குள் புகுந்து, நான் அழுத்தியதில் நசுங்கியது. ஜப்பானியர் முகம் சுளிக்கும் அந்த வாடை எனக்குப் பச்சைக் கொத்தமல்லிக் கட்டைக் கசக்கியதுபோல் இருந்தது. மறுநாள் அம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை, பக்கத்து அறைக்காரர் மட்டும் அதனால்தான் தாம் கொத்தமல்லியைத் தொடுவதில்லை என்றார்.

இரவுச் சாப்பாட்டில் கோசுயு வந்தது. உலர்ந்த சிப்பித் தசை ஊறிய தெளிந்த சாற்றில் கேரட், சேப்பங்கிழங்கு, காளான், குண்டுமணி அளவு கோதுமைப் புரத உருண்டைகள். அய்சுவில் திருமணத்துக்கும் புத்தாண்டுக்கும் வைப்பது இது. சிவப்பு அரக்குப் பூசிய ஆழமில்லாத கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் தருவார்கள், எத்தனை முறையும் கேட்டு வாங்கலாம். கேட்டு வாங்கினேன்.

நவம்பர் 4, திங்கள்: மியாஷிதா முதல் கோயிதே வரை

புறப்படும்போது விடுதிக்கார அம்மா ஓர் அட்டைப் பெட்டியைக் கையில் வைத்தார். வகமாட்சுவில் உறவினர் தோட்டத்து மிஷிராசு சீமைப்பனிச்சைப் பழங்கள், நம்மூர்க் கடையில் பெர்சிமன் என்று விற்கிறார்களே அவை. துவர்ப்பு வகை என்பதால் ஷோச்சு மதுவைத் தெளித்துப் பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள், துவர்ப்பு போக இரண்டு வாரம் ஆகும். மூடியின்மேல் பேனாவால் "நவம்பர் 14 வரை திறக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தது. "எவ்வளவு ஆசையாக இருந்தாலும்" என்றார் அவர்.

பிற்பகல் வண்டியில் கோயிதே வரை போய், அங்கிருந்து நீகாத்தா வழியாகத் திரும்புவதாகத் திட்டம். வண்டி மியாஷிதாவுக்கு வந்தபோது கதவோரம் வரை கூட்டம். சன்னல்கள் எல்லாம் எங்களைப் போன்றவர்கள் கையில் இருந்தன. இந்த மலைக்காரர்களுக்காக மீட்ட ரயிலில் இந்த மலைக்காரர்கள் நிற்கிறார்கள் என்பது பார்க்க நன்றாக இல்லை. இரண்டு பைகளோடு ஏறிய ஒரு பாட்டிக்குத் தைவான் இளைஞன் ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான். பாட்டி மூன்று முறை மறுத்து, நான்காம் முறை உட்கார்ந்து, பையிலிருந்து ஆரஞ்சு ஒன்றை எடுத்து அவனுக்கு நீட்டினார்.

வழியில் வயலில் நின்றவர்களும் வீட்டு வாசலில் இருந்தவர்களும் வண்டியைப் பார்த்துக் கையசைத்தார்கள். ரயிலிலிருந்து நாங்களும் அசைத்தோம். தெரியாத மனிதர் நேருக்கு நேர் பார்த்துச் சிரிப்பது இந்த நாட்டில் எனக்குக் கிடைத்தது இப்படித்தான், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருக்கும்போது.

அய்சு கவாகுச்சியைத் தாண்டிய ஏற்றத்தில் வண்டி தடுமாறியது. எந்திரம் உறுமியது, சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகரவில்லை. மழையில் நனைந்து தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்ட இலைகளில் சக்கரம் வழுக்குகிறது என்று ஓட்டுநர் அறிவித்தார். சற்றுப் பின்னால் இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தார்கள். எந்த இலைகளைப் பார்க்க நாங்கள் எல்லாம் இத்தனை தூரம் வந்தோமோ அவையே வண்டியை நிறுத்திவிட்டன. ஒவ்வொரு முறை பின்வாங்கும்போதும் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார் ஓட்டுநர், மரங்களின் சார்பில் கேட்பதுபோல் இருந்தது. பெட்டிக்குள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

முக்கால் மணி தாமதத்தில் ததாமியை அடைந்தபோதே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்பால் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ரொகுஜூரிகோஏ சுரங்கம். அதிலிருந்து வெளியே வந்தால் நீகாத்தா, முழு இருட்டு. எடுக்க நினைத்திருந்த காட்சிகள் எல்லாம் என் முகமே தெரியும் கறுப்புக் கண்ணாடிக்கு அப்பால் போய்விட்டன. கோயிதேயில் இணைப்பு வண்டி போயிருந்தது. அடுத்தது வரும் வரை குளிர்ந்த நடைமேடையில் நின்று அக்காவின் டப்பாவில் மிச்சமிருந்த புளியோதரையைத் தின்றேன். நான்காம் நாளும் கெடவில்லை, அந்த மலைக்குளிருக்கு அதிலும் பங்குண்டு. வீடு சேர நள்ளிரவு நெருங்கிவிட்டது.

நவம்பர் 9, சனி: நிஷி கசாய்

பாலத்தின் படங்களில் தேறியவை இரண்டு. பனி சூழ்ந்ததால் ஒரு பக்கம் வெறும் வெள்ளையாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது, பெரியவருக்குப் பிடிக்காது. கைகளின் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆறு படங்களைத் தேர்ந்து நிலையத்தருகே உள்ள கடையில் அச்சிட்டேன். தோலின் நிறத்தை இயந்திரம் தானாகவே வெளுப்பாக்கித் தந்தது; திருத்தம் எதுவும் வேண்டாம் என்று சொல்லி மறுபடி போடச் சொன்னேன், கடைக்காரர் இரண்டாம் முறைக்குக் காசு வாங்கவில்லை. சென்ற மாதம் முதல் அஞ்சல் கட்டணம் ஏறிவிட்டதால் உறைக்கு 110 யென். கூடத்தின் முகவரி எழுதி, "கயிறு திரிக்கும் அம்மையாருக்கு" என்று சேர்த்து அனுப்பினேன்.

நவம்பர் 14, வியாழன்: நிஷி கசாய்

அலுவலகத்திலிருந்து வந்ததும் பெட்டியைத் திறந்தேன். மது வாடை லேசாக எழுந்து அடங்கியது. பழம் கத்தி பட்டதும் விட்டுக்கொடுக்கும் பதத்தில், துவர்ப்பின் சுவடே இல்லாமல், கனிந்த சப்போட்டாவைவிடத் தெளிவான இனிப்போடு இருந்தது. நான்கைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா ஒன்றை அங்கேயே நறுக்கி மிளகாய்ப்பொடி தூவினார். விடுதிக்கார அம்மாவுக்கு இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 23, சனி: நிஷி கசாய்

மிஷிமாவிலிருந்து கயிறு திரித்த அம்மையாரின் அஞ்சலட்டை வந்திருக்கிறது, தூரிகைப் பேனாவில் எழுதியது. சில எழுத்துகளை அலுவலக நண்பர் படித்துச் சொன்னார். படங்களில் ஒன்றைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்களாம், மருமகள் நகத்துக்கு மருந்து வாங்கி வந்தாளாம். முகம் வேண்டுமானால் ஜனவரி 15 அன்று வரச் சொல்கிறார். அன்றிரவு அங்குள்ள ஊர்கள் சாய்னோகாமி என்னும் சடங்கை நடத்துகின்றன. மலையிலிருந்து வெட்டிவந்த மரத்தை நட்டு, வைக்கோலும் புத்தாண்டு அலங்காரங்களும் கட்டிக் கொளுத்துவார்கள். 2008-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நாட்டார் மரபாக அறிவிக்கப்பட்டது அது. நெருப்பைச் சுற்றி நிற்கும்போது ஊரில் ஒருவரும் கேமராவைப் பொருட்படுத்துவதில்லை, தாமும் பொருட்படுத்தமாட்டேன் என்று எழுதியிருக்கிறார்.

அது புதன்கிழமை, நமக்கு மாட்டுப் பொங்கல். போகி கொளுத்த இடமில்லாத டோக்கியோவில் இருப்பவனுக்கு இது கூடுதல் கவர்ச்சி. செவ்வாயன்று அக்கா வீட்டில் பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதாக முடிவுசெய்து விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நடுப் பனிக்காலத்தில் அந்தத் தடத்தில் ரயில் நின்றுபோவது வழக்கம் என்பதால், வகமாட்சுவிலிருந்து மியாஷிதாவுக்கு வேறு வண்டி ஏதும் உண்டா என்று விடுதிக்கார அம்மாவிடம் விசாரிக்க வேண்டும். அந்தக் கடிதத்திலேயே மிளகாய்ப்பொடி விவரத்தையும் எழுதிவிடப் போகிறேன்.